வளர்பிறை தவறிவிட்டது, நாற்றை என்ன செய்ய?

வாசகி கேள்வி: ஐயா, எங்கள் வீடு வள்ளியூருக்கும் பணகுடிக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் செவக்காடு, போர்த் தண்ணீர் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் தம்பி, பிறை பார்த்துத் தோட்ட வேலை செய்வதற்கான காலண்டர் ஒன்று அனுப்பினான். நடுக்கோடையில் எந்தப் பிறைக்கு எதை விதைக்கணும், எதை வெட்டணும் என்று அதில் நாள்வாரியாக இருக்கிறது. அதன்படி வைகாசிப் பவுர்ணமியை ஒட்டித் தக்காளி, கத்தரி, மிளகாய் விதை போட்டேன். ஆனிப் பவுர்ணமிக்கு முன்னால் நட்டிருக்க வேண்டும். வீட்டில் விசேஷம் வந்ததால் முடியவில்லை. இப்போது தேய்பிறை, நாற்றுக்கு 32 நாள் ஆகிவிட்டது. அத்தை கிழிக்கிற காலண்டரைப் பார்த்துவிட்டு, இன்று மேல்நோக்கு நாள், தாராளமாக நடு என்கிறார்கள். தம்பி காலண்டரில் இதே நாள் கிழங்குக்கு உரிய நாள் என்று இருக்கிறது. முதலில் நட்டுப் பார்த்த பத்து நாற்றும் இலை கருகிப் போய்விட்டது. தெற்கே நிழல்வலை கட்டியும் பலன் இல்லை. அடுத்த வளர்பிறை வரை பொறுக்கவா? முருங்கையை எந்தப் பிறையில் வெட்ட? நிலாவுக்கு உண்மையிலேயே சக்தி இருக்கிறதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிலாவைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் நாற்றை இன்றைக்குச் சாயங்காலமே நட்டுவிடுங்கள். அடுத்த வளர்பிறைக்குப் பொறுக்க வேண்டாம். தக்காளி நாற்றை 25 நாளில் பறித்து நடுவது கணக்கு. கத்தரி 30 முதல் 35 நாள். மிளகாய்தான் 40 நாள் வரை தாங்கும். அமாவாசை கழிந்து பிறை தெரியும்போது உங்கள் தக்காளிக்கு 45 நாள் ஆகியிருக்கும். அதற்குள் தட்டிலேயே வேர் சுருண்டு, தண்டு முற்றி, சிலது பூவும் எடுத்துவிடும். அப்படி முற்றிய நாற்றை எவ்வளவு நல்ல நாளில் மண்ணில் வைத்தாலும் தேறிவர நாளாகும், காய்ப்பும் குறையும்.

தக்காளி ஏற்கெனவே நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதியை மண்ணுக்குள் இறக்கி நடுங்கள். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும், செடி காற்றுக்கு நிற்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்த வேலை கூடாது. தட்டில் இருந்த ஆழமே போதும்.

சாயங்காலம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், என் சொந்த அனுபவம். தோட்டக்கலைப் பணிக்கு வந்த புதிதில், ஊரில் அப்பாவின் தோட்டத்தில் மிளகாய் நட்டேன். ஆனி மாதம், வளர்பிறைப் பஞ்சமி. காலை ஒன்பது மணிக்குள் நல்ல நேரம் முடிகிறது என்று பரபரவென்று நட்டு முடித்தோம். பதினொரு மணிக்கு மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று எடுத்தது. மூன்று மணிக்கெல்லாம் நாற்று முழுவதும் துவண்டு தரையில் படுத்துவிட்டது. குடம் குடமாக ஊற்றினோம், பாதிகூடத் தேறவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பனையோலையைக் கொண்டுவந்து மேற்கு வரப்பில் தட்டி கட்ட ஆரம்பித்தார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதைத்தான் இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உங்கள் வீட்டில் இரண்டு காலண்டரும் ஏன் சண்டை போடுகின்றன என்று பார்ப்போம். வளர்பிறை, தேய்பிறை ஒரு கணக்கு. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறக்குறைய 29½ நாள். மேல்நோக்கு, கீழ்நோக்கு, சமநோக்கு வேறு கணக்கு. நிலா 27 நட்சத்திரங்களையும் ஒரு சுற்று சுற்றிவர ஏறக்குறைய 27⅓ நாள் எடுக்கும். அந்த 27 நட்சத்திரத்தை மூன்று ஒன்பதாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரோகிணி, திருவாதிரை, பூசம், உத்திரம், உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம், உத்திரட்டாதி மேல்நோக்கு. மேலே வளர்கிற பயிர் வைக்க, கூரை போட இந்த நாள். கிணறு தோண்ட, கிழங்கு ஊன்றக் கீழ்நோக்கு. பிறையும் நட்சத்திரமும் தனித்தனியாகச் சுற்றுவதால் தேய்பிறையிலும் மேல்நோக்கு நாள் வரும். ஆனிப் பவுர்ணமி பெரும்பாலும் கேட்டை, மூலத்தை ஒட்டி வரும். அது முடிந்த சில நாளிலேயே உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம் என்று நான்கு மேல்நோக்கு நாள் வரிசையாக நிற்கும். அத்தை பார்த்தது இதைத்தான். அவர்கள் சொன்னது அவர்கள் கணக்குப்படி முழுக்கச் சரி.

தம்பி அனுப்பியது ஐரோப்பியக் கணக்கு. 1924-ல் ருடால்ஃப் ஸ்டெய்னர் என்பவர் ஆற்றிய வேளாண்மைச் சொற்பொழிவுகளிலிருந்து ஒரு விவசாய முறை கிளம்பியது. அதன் வழியில் ஜெர்மனியில் மரியா துன் என்ற பெண்மணி விதைப்புக் காலண்டர் போட ஆரம்பித்தார். நிலா எந்த ராசியில் நிற்கிறதோ அதை வைத்து கிழங்கு நாள், இலை நாள், பூ நாள், காய் நாள் என்று நான்காகப் பிரிப்பது அந்த முறை. மகரம் அவர்களுக்கு நில ராசி, ஆகவே கிழங்கு நாள். நம் உத்திராடத்தின் பின் மூன்று பாதமும், திருவோணமும், அவிட்டத்தின் முன் இரண்டு பாதமும் சேர்ந்ததுதான் மகரம். ஒரே நாள், ஒரே நிலா, ஒரே வானத்து மூலை. நம்மவர்கள் மேலே வளரும் என்கிறார்கள், அவர்கள் கீழே இறங்கும் என்கிறார்கள். இது போதாதென்று, மேல்நாட்டிலேயே வேறு சில காலண்டர்கள் ராசியை நம்மிலிருந்து சுமார் 24 பாகை தள்ளிக் கணக்கிடும். நிலா ஒரு நாளைக்கு 13 பாகை நகர்வதால், அந்தக் காலண்டரை வாங்கினால் ஏறக்குறைய இரண்டு நாள் வித்தியாசம் வரும்.

நிலாவுக்குச் சக்தி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உவரி, கூத்தங்குழிப் பக்கம் போய்ப் பாருங்கள், அமாவாசைக்கும் பவுர்ணமிக்கும் கடல் கூடுதலாக ஏறி இறங்கும். கடலை இழுக்கிற நிலா செடிக்குள் இருக்கிற நீரை இழுக்காதா என்று கூட்டங்களில் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பூமியின் நிலாப் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே 12,700 கிலோமீட்டர் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் இழுப்பு கொஞ்சம் கூடிக் குறைவதால்தான் கடல் ஏறி இறங்குகிறது. ஒரு மீட்டர் தக்காளிச் செடியில் நுனிக்கும் வேருக்கும் அந்த வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். வெளிச்சத்தைப் பார்த்தால், முழு நிலாவைவிட உச்சிச் சூரியன் ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு பிரகாசம். நிலா வெளிச்சத்தில் இலையால் செடிக்குச் சாப்பாடு தயாரிக்க முடியாது. செடிக்குள் நீர் மேலே ஏறுவது, இலை வழியாக ஆவி போகப்போக அந்த இழுப்பில். அந்த இழுப்பைக் கூட்டுவது வெயில், வறண்ட காற்று. உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் அது எப்படி இழுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்காகத்தானே உங்கள் வீட்டைச் சுற்றி அத்தனை காற்றாலை நிற்கிறது? புது நாற்றின் வேர் இன்னும் மண்ணைப் பிடித்திருக்காது. காற்று இலையிலிருந்து உறிஞ்சுகிற வேகத்துக்கு வேரால் நீர் கொடுக்க முடியாது. உங்கள் பத்து நாற்றும் கருகியது இதனால்தான்.

ஆனால் பெரியவர்கள் வளர்பிறையில் நடச் சொன்னதை நான் வெறும் நம்பிக்கை என்று தள்ள மாட்டேன். வளர்பிறை அட்டமியன்று பொழுது அடையும்போது நிலா உச்சியில் இருக்கும், நடுராத்திரி வரை வெளிச்சம் கிடைக்கும். பவுர்ணமியன்று சூரியன் விழ, நிலா எழும். கரண்டு இல்லாத காலத்தில் கருக்கலுக்கு மேல் நாற்று நடவும், பாத்திக்குத் தண்ணீர் விடவும் வளர்பிறை ராத்திரி வேண்டும். தேய்பிறையில் பின்னிராத்திரி நிலா. கோழி கூப்பிடுமுன்னே மாடு கட்டிக் கமலை பூட்டிக் கிணற்று நீர் இறைத்தவர்களுக்கு அந்த வெளிச்சம். வெயிலுக்கும் காற்றுக்கும் ஒளிந்து வேலை செய்ய அவர்கள் வைத்துக்கொண்ட கடிகாரம் நிலா என்பது என் கணிப்பு. அந்த வழக்கத்தின் சாரம் சாயங்கால நடவுதான். உங்களுக்குப் பின்வாசலில் பல்பு இருக்கிறது, தேய்பிறையிலும் அதைச் செய்யலாம்.

அடுத்தது நடுக்கோடை. தம்பியின் காலண்டரில் அந்த வார்த்தைக்கு ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்கள் என்று அர்த்தம். ஜெர்மனியில் அப்போது பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். மிதமான வெயில், ஈர மண், கேரட்டும் பீட்ரூட்டும் விதைக்கச் சொல்வார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் அன்றைய பகல் 12 மணி 40 நிமிடத்தைத் தாண்டாது. நமக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்தில் இரண்டு தடவை. சித்திரை பிறப்பதை ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை. நடுவில் உள்ள நாலரை மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். ஆனியில் வீட்டு நிழல் தெற்கே விழுவதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே தெற்கே கட்டிய நிழல்வலை இந்த மாதங்களில் சும்மாதான் தொங்கும். உதிப்பது வடகிழக்கில், மறைவது வடமேற்கில். செடியைச் சுடுவது பிற்பகல் வெயில், அது மேற்கும் வடமேற்கும். காற்று வருவதும் மேற்கிலிருந்துதான். வலையை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டுங்கள், ஒரே மறைப்பில் இரண்டையும் தடுக்கலாம்.

வலையை நெருக்கமாக இழுத்துக் கட்டினால் ஆடிக் காற்று கம்போடு பிடுங்கிவிடும். என் யோசனை பனையோலைத் தட்டி. இடுப்பு உயரம் போதும், அடியில் கொஞ்சம் சந்து விட்டுக் கட்டுங்கள், காற்று வடிகட்டி உள்ளே வரட்டும். முழுச்சுவர் போல அடைத்தால் காற்று மேலே ஏறி உள்பக்கம் சுழன்று அடிக்கும். தட்டிக்கு வெளியே இரண்டு வரிசை சோளம் நெருக்கி விதைத்து, அதற்கும் வெளியே அகத்தி விதை ஊன்றிவிட்டால் அடுத்த வருஷம் தட்டியே தேவைப்படாது. நட்ட செடியைச் சுற்றிக் கதம்பையை (தேங்காய் உரித்த மட்டையை) கவிழ்த்துப் போட்டு, மேலே சருகு மூடாக்கு மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் சருகு வேண்டாம், அழுகும். முதல் வாரம் தினமும் சாயங்காலம் தண்ணீர். அப்புறம் மூடாக்குக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றினால் போதும். தென்காசிப் பக்கம் சாரலில் நனைந்துகொண்டே நடுகிறார்களே என்று பார்த்து நீங்கள் அதே மாதிரி செய்ய முடியாது. குற்றாலத்தில் சீசன் களைகட்டும்போது உங்களுக்கு வருவது காற்று மட்டும்தான்.

முருங்கையை இந்த வாரமே வெட்டுங்கள். காய் முடிந்த மரத்தைத் தரையிலிருந்து மூன்றடி விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். கவாத்துக்குத் தேய்பிறை என்பது நம் ஊர் வழக்கம், உங்களுக்கும் தேய்பிறைதான் நடக்கிறது, அத்தைக்கும் திருப்தி. வளர்பிறையாக இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். முருங்கைக் கொம்பு காற்றுக்கு முறியும், முறிந்தால் பட்டையோடு கிழியும், கிழிந்த இடத்தில் தண்ணீர் நின்று அழுகும். வெட்டு சரிவாக இருக்கட்டும், வெட்டுவாயில் பசுஞ்சாணியை அப்பிவிடுங்கள். நல்ல காய்ப்புள்ள மரமாக இருந்தால் கைப்பருமனுள்ள போத்தை (நடுவதற்கான கிளையை) நாலடி நீளத்துக்கு நறுக்கி ஊன்றிவிடுங்கள். ஆடியில் போத்து பிடிக்கும். வாழை இருந்தால், குலை தள்ளிய மரத்துக்கெல்லாம் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து முட்டுக் கொடுங்கள்.

நிலாவைப் பார்த்தே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடிதத்தில் நீங்கள் அதைக் கேட்கவில்லை. விளக்குப் பொறி. பவுர்ணமி ராத்திரிகளில் பொறிக்கு வருகிற அந்துப்பூச்சி குறைவு, இருட்டு ராத்திரியில் வந்து குவியும். ஆகவே அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு நாள் பொறி வையுங்கள். ஒரு பல்பு, அதற்குக் கீழே அகலமான தட்டில் தண்ணீர், மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது சோப்புக் கரைசல். பொழுது அடைந்ததும் போட்டு ஒன்பது, பத்து மணிக்கு அணைத்துவிட வேண்டும். விடிய விடிய எரிந்தால் நல்லது செய்கிற பூச்சிகளும் விழும். காலையில் தட்டைப் பார்த்தால் தோட்டத்துக்கு என்ன வந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும்.

பூச்சி என்றதும் இன்னொன்று. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். தெருவில் மிதிபட்டுக் கிடக்கிற அந்த முத்தைப் பொறுக்கிச் சேருங்கள். சதையைக் கழுவி, நிழலில் காயப்போட்டுச் சாக்கில் கட்டி வைத்தால் வருஷத்துக்கும் மருந்து. வேண்டும்போது அந்த முத்தை உடைத்து எடுத்த 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். இந்த ஒரு வேலைக்கு நாள், கிழமை, பிறை எதுவும் பார்க்காதீர்கள். மழை வந்தால் முத்து பூஞ்சணம் பிடித்துவிடும்.

இனி ஆடிப்பட்டம். அவரை, புடலை, பீர்க்கு, பாகல், தடியங்காய், வெண்டை, சீனியவரை எல்லாம் விதைக்கலாம். இதில் உங்கள் ஆசைப்படி வளர்பிறை பார்த்துக்கொள்ளுங்கள். நாற்று போல் விதைக்கு வயது ஏறாது, பத்து நாள் முன்னே பின்னே ஆனாலும் நஷ்டம் இல்லை. அவரையில் மட்டும் ஒரு விஷயம். நாட்டுப் பந்தல் அவரை பகல் சுருங்கச் சுருங்கத்தான் பூக்கும். நம் ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வித்தியாசம், அதையும் அந்தக் கொடி கணக்கு வைத்திருக்கிறது. ஆடியில் போட்டால் கொடி நன்றாகப் பந்தலில் படர்ந்து மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். சித்திரையில் போட்டுவிட்டு இலைதான் வருகிறது, காய் இல்லை என்று வருத்தப்பட்டு எனக்கு எழுதுகிறவர்கள் பலர்.

விதைக்கு முன்னால் முளைப்புத் திறன் பாருங்கள். ஈரத் துணியில் 20 விதையை மடித்து வைத்து 16-க்கு மேல் முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். நம் ஊர் அம்மன் கொடைகளுக்கு முளைப்பாரி போடுகிறார்களே, அது சாமிக்குச் செய்கிற காரியம். அதோடு, வீட்டு விதை இந்த வருஷம் எப்படி என்று ஊரே பார்த்துக்கொள்கிற ஏற்பாடும்தான் என்று நான் எப்போதும் நினைப்பேன். அத்தை முளைப்பாரி வளர்த்துப் பழகியவர்களாக இருந்தால் இந்தப் பொறுப்பை அவர்களிடமே விடுங்கள்.

கிழங்கு நாளை வீணாக்க வேண்டாம். கேரட்டை மறந்துவிட்டு, நம் கிழங்கைப் போடுங்கள். சிறுகிழங்கு செவக்காட்டில் அருமையாக வரும். இப்போது ஒரு சின்னப் பாத்தியில் விதைக்கிழங்கை ஊன்றி வைத்தால், ஆடி கடைசி, ஆவணியில் கொடி நுனியைக் கிள்ளி மேட்டுப்பாத்தியில் ஒரு அடிக்கு ஒன்றாக நடலாம். பொங்கலுக்கு வீட்டுச் சிறுகிழங்கு. கூடவே பனங்கிழங்கு. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். கொட்டையைச் சேர்த்து வைத்து, மண்ணும் மணலும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேடாக்கிய பாத்தியில் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் அடுக்கி, மேலே லேசாக மண் தூவி, அவ்வப்போது ஈரம் காட்டினால் போதும். கிழங்கு கீழ்நோக்கி இறங்கும், தையில் பாத்தியைச் சரித்து எடுக்கலாம். அடுக்குவதற்குக் கீழ்நோக்கு நாளை அத்தை குறித்துக் கொடுக்கட்டும். பாத்தியை மட்டும் மேற்கு வேலியோரம் போட்டுவிடுங்கள். நாலு கொட்டையைத் தோண்டாமல் விட்டால் அந்தப் பக்கம் பனை நிற்கும்.